கேட்டு வாங்கிய விலங்கு

போடி பஸ் நிற்கும் இடத்தில் உச்சி வெயில் கொதிக்கிறது. வெள்ளைக்காரச் சர்க்காரின் தடையை மீறிப் பேசிக் கைதான ஏலக்காய் மண்டி சண்முகராஜ், புதுக் கதர்ச் சட்டையும் மூன்று மாலையுமாக நிற்கிறார். "ஐயா மாதிரி ஆளுகளுக்கு விலங்கு எதுக்கு?" என்று ஏட்டு குழைந்தபோது, விலங்கில்லாமல் ஜெயிலுக்குப் போவது மாமனார் வீட்டு விருந்துக்குப் போவது போலிருக்கும் என்று அடம்பிடித்து அவர் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டது கையிலிருக்கும் இந்த விலங்கு. ஸ்டேஷனில் இருந்தது ஒரே ஜோடி. இன்னொரு வளையத்தில் சேவல் திருடிய இருளப்பனின் கை இருக்கிறது. சாவி பெரியகுளம் சப்ஜெயிலில் இருக்கிறது. சண்முகராஜ் கூட்டத்தைப் பார்த்துக் கையை அசைக்கிறார். கடக்.

"ஆட்டாதீக மொதலாளி," என்று இருளப்பன் காதோரம் சொல்கிறான். "போன தடவ எனக்குப் போட்டது பழைய திருகு விலங்கு. எண்ணெயத் தடவுனா உருவிக்கிடலாம். கால் விலங்குன்னா கனம் மட்டுந்தேன். இது பல்லு வச்ச புதுச் சாதி. அசைஞ்சா இறுகும், இளகாது."

"முன்னாலயே சொல்றதுக்கென்னலே?"

"நீங்க ஆசையாக் கேட்டீகளே!"

சண்முகராஜின் விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. சீக்கிரம் பஸ் ஏற்றச் சொல்லி ஏட்டிடம் கெஞ்சலாம்தான், ஆனால் எதிரே பாதிப் போடி நிற்கிறது. "தலைவரே, விலங்கத் தூக்கிக் காட்டுங்க!" அவரால் முடியவில்லை. இருளப்பன் இரக்கப்பட்டுத் தன் கையைத் தூக்குகிறான். சங்கிலியோடு அவர் கையும் தொங்கிக்கொண்டே மேலே போகிறது. கடக். கண்ணீர் தாரையாக வழிகிறது. நாட்டை நினைத்து அழுகிறார் என்று கூட்டம் சிலிர்த்துப்போகிறது.

"பின்னால நிக்கிறவுகளுக்குத் தெரியல, இன்னொரு தடவ!"