காலி கேபினெட்

"பொட்டிய மேசை மேல தூக்கி வெச்சிக்கவா, அக்கா?"

"வாணாம் தம்பி. ஜன்னலாண்ட இருக்கிற எடத்துலயே வெச்சிக் கழட்டு" என்றாள் ராதிகா.

கள்ளக்குறிச்சியிலிருந்து பெரிய காலி கேபினெட்டோடு வடக்கனந்தலுக்கு வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் தமிழழகன் தரையில் குப்புறப் படுத்தான். சூடாகிறதென்று பழைய பெட்டியின் மூடியை ஏற்கெனவே கழற்றித்தான் வைத்திருந்தார்கள். மதர்போர்டின் திருகுகளைக் கழற்றினான்.

"கம்பெனி பொட்டி அக்கா. சுவிட்ச் ஒயரு பெருசுல நேரா பொருந்தாது, தனியா கனெக்டர் போடணும். இதுவே நல்லாத்தான ஓடிக்கினு இருக்குது? பெருசுக்கு மாத்துனா ஸ்பீடு ஒண்ணும் ஜாஸ்தி ஆவாது."

"ஸ்பீடு வாணாம். ஆட்டாம எடு."

ஒரு மணி நேரத்தில் மதர்போர்டு பெரிய கேபினெட்டில் ஏறி உட்கார்ந்தது. கம்ப்யூட்டரும் ஓடியது.

"பழசத் தூசி தட்டிக் குடுத்துடறேன்" என்று பிளோயரை எடுத்தான்.

"ஐயோ, வாணாம்!" ராதிகா குறுக்கே வந்து நின்றாள். "உள்ள மூலையில பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தான். ஈரம் காயாத மண்ணில் ஒரு குளவிக்கூடு.

"குளவி கூடு கட்டுனா வூட்ல கொழந்த பொறக்கும்பாங்க. எங்களுக்குக் கல்யாணமாகி ஒம்பது வருஷம். பொட்டிக்குள்ள ஃபேன் சுத்துனா அது ஓடிப் போயிடுமில்ல? அதான் மாத்தச் சொன்னேன்."

தமிழழகன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்று மாலை தன் கடையில் கிடந்த காலி கேபினெட் ஒன்றை வீட்டுக்குத் தூக்கிப் போய், மூடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தான்.

"இது இன்னாத்துக்குங்க?" என்றாள் மனைவி ஷாலினி.

"இருக்கட்டும். நமக்கும் அஞ்சு வருஷம் ஆச்சில்ல?"