கண்ணாடியில் விழுந்த முகம்

கல்யாணப் படமெடுத்தே பிழைப்பவன் நான். இழவு வீட்டிலும் "கொஞ்சம் சிரிங்க" என்று உளறிவிடுவேனோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெரியவரைக் கிடத்தியிருந்த ஐஸ்பெட்டிக் கண்ணாடியில், எதிரே நின்ற மகள் தமயந்தியின் முகம் விழுந்தது. காதலித்துக் கட்டிக்கொண்டவளை, பதினோரு வருடம் கழித்து இன்றுதான் வீட்டுக்குள் விட்டிருந்தார்கள்.

"தம்பி, அப்பா மேல அவ மூஞ்சி தெரியுது. அது இல்லாம எடுங்க," என்றார் அவள் அண்ணன்.

கண்ணாடிப் பிம்பத்தை அழிக்கும் ஃபில்டரை லென்ஸில் மாட்டித் திருகினேன். கேமராத் திரையில் அவள் கரைந்துபோனாள்.

அண்ணன் மாலை வாங்க வாசலுக்கு நகர்ந்ததும், "என்னோட எடுத்த படத்தையெல்லாம் அப்பாவே கொளுத்திட்டாருண்ணே," என்றாள் என்னிடம்.

ஃபில்டரைப் பழையபடி திருகினேன். திரையில் அவள் கன்னம் பெரியவர் நெஞ்சில் வந்து படுத்தது.

"போயிருச்சா?" என்று வாசலிலிருந்து அண்ணன் கேட்டார்.

"போயிருச்சுங்க," என்றபடி பொத்தானை அழுத்தினேன்.