வாயில்லா வாஷிங் மிஷின்

"'எடை அதிகமாக உள்ளது. தயவுசெய்து குறைக்கவும்.' இதான் சார் சொல்லுச்சு உங்க மிஷினு! ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி!"

சவுரியம்மாள் போட்ட சத்தத்தில், திண்டிவனம் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர் ஜெகதீசன் மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"துணி ஓவராப் போட்டா சொல்லத்தாம்மா செய்யும். தமிழ் பேசற வாஷிங் மிஷினுன்னு ஆசப்பட்டுதானே வாங்கினீங்க?"

"பேசட்டும் சார். எப்பப் பேசணும்னு ஒரு இது வேணாமா? விழுப்புரத்துலருந்து பொண்ணு பாக்க வந்து ஹால்ல உக்காந்துக்கினு இருக்காங்க. என் பொண்ணு காபித் தட்ட எடுத்துக்கினு வர்றா. அவ ஹால்ல கால வைக்கறதுக்கும் இது வாயத் தொறக்கறதுக்கும் சரியா இருக்குது!"

வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று வீட்டில் கிடந்த அழுக்குத் துணி மொத்தத்தையும் மிஷினுக்குள் திணித்து, பட்டனைத் தட்டியது யார் என்பதைச் சவுரியம்மாள் சொல்லவில்லை. நாமும் கேட்க வேண்டாம். எந்த வீட்டில் நடக்காதது!

"மூணாவது வாட்டி சொன்னப்ப மாப்பிள்ளையோட அம்மா சிரிச்ச சிரிப்புல, குடிச்ச காபி மூக்குல ஏறி, அந்தம்மா தலையில தட்டித் தட்டியே கூட்டிக்கினு போயிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே பாப்பா மிஷினப் பிரிச்சு, ஸ்பீக்கர் ஒயர வெட்டி உட்டுட்டா."

பாப்பாவுக்கு இருபத்தைந்து வயது. பெயர் அஸ்வினி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க." ஜெகதீசன் இப்போதுதான் நிமிர்ந்தார். "பிரிச்சா சீல் கிழியும். சீல் கிழிஞ்சா வாரண்டி போச்சு. இப்ப தண்ணி ஒழுகுதுன்னு வந்தா கம்பெனி என்ன பண்ணும்?"

"வெட்டினது மேல. ஒழுகறது கீழ. வாயத் தச்சா வயித்தால போவுமா சார்?"

சவுரியம்மாள் வாரண்டி கார்டை மேஜையில் வைத்தாள். லேமினேட் செய்திருந்தாள். "ரெண்டு வருஷம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குது, பாருங்க."

"பின்பக்கம் படிச்சீங்களா?"

"எறும்பு ஊர்ற மாதிரி போட்டா எவ படிப்பா? சரி, மிஷினு யாருது?"

"உங்களுதுதான்."

"அப்ப பிரிச்சா என்னவாம்?"

"வெளிய உங்களுது. உள்ள கம்பெனி பொறுப்பு. கை வச்சா பொறுப்பில்ல."

"அப்ப எனக்கு வித்தது வெறும் டப்பாவா?"

டோக்கன் கூட்டம் சிரித்தது. ஜெகதீசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெரிய பெரிய இன்ஜினியருங்க யோசிச்சு யோசிச்சு வச்ச குரல்மா அது! உங்க நல்லதுக்குத்தானே சொல்லுது? அதப் போய் வெட்டலாமா? நம்ம ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது."

"பொறுமையா? ஞாயித்துக்கிழம கண்டாச்சிபுரத்துலருந்து வேற மாப்பிள்ள வீடு வருது. ஹாலெல்லாம் தண்ணி. மாப்பிள்ள வழுக்கி வுழுந்தா, அதுக்கும் கம்பெனி பொறுப்பில்லன்னு போர்டு மாட்டட்டுமா?"

"அம்மா, நீ செத்த சும்மா இரு." அஸ்வினி முன்னால் வந்தாள். "சார், என் எடை என் பிரச்சினை. உங்க பைப்பு உங்க பிரச்சினை. ஸ்பீக்கர் ஒயர வெட்டினதாலதான் பைப்பு ஒழுகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுங்க. மீதிய விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டுல பேசிக்கறோம்."

ஜெகதீசன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

உள்ளே போய் யாரிடமோ போனில் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு வந்தார்.

"நாளைக்கே ஆள் வந்து பைப்ப ஃப்ரீயா மாத்திடுவான். ஆனா ஒண்ணு. அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் கம்பெனி பொறுப்பேத்துக்காது. கண்டிப்பா சொல்லிட்டேன்."

"ஏத்துக்கினாதான் சண்டைக்கு வருவேன்" என்று கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் சவுரியம்மாள்.

இருவரும் வெளியே வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்கள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றி பாக்கெட்டில் போட்டபடியே ஓடி வந்தார் ஜெகதீசன். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"பாப்பா, ஒரு நிமிஷம். எங்க வீட்லயும் அதே மிஷினுதான். மாமியாரு வந்து ஒரு வாரமாவுது. மிஷினு பக்கத்துலதான் சேர் போட்டு உக்கார்றாங்க. நான்தான் கம்பெனில சொல்லி அப்படிப் பேச வச்சிருக்கேன்னு வீட்ல ஒரே பேஜாரு..."

சவுரியம்மாள் டிரைவரின் தோளைத் தட்டினாள். "நீ ஜல்தி எடுப்பா."

ஆட்டோ நகர்ந்தது. ஜெகதீசனும் கூடவே ஓடினார்.

"வெட்டினது செவப்பு ஒயரா, கருப்பு ஒயரா? அத மட்டும் சொல்லிட்டுப் போம்மா!"