பள்ளிக்குப் போகாத பிள்ளை

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் இனி மருத்துவக் காப்புறுதி உண்டென்று மைக் கட்டிய வாகனம் ஊருக்குள் சொல்லிப் போனதிலிருந்து அன்னப்பூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் வவுணதீவிலிருந்து ஆட்டோ பிடித்து மட்டக்களப்புக்கு வந்துவிட்டாள்.

காப்புறுதிக் கந்தோரில் சரியான சனம். அதிகாரி தக்ஷாயினி தலை நிமிராமலே கேட்டாள்.

“பிள்ளைட பேரென்ன?”

“விஜிதரன், மிஸ்.”

“ஏன் பள்ளிக்கூடம் அனுப்பல்ல?”

“பிறந்ததுல இருந்து வலிப்பு. நடக்கமாட்டான், கதைக்கமாட்டான். நான்தான் சோறு தீத்துற. முந்தியும் காப்புறுதி கேட்டு வந்தநான் மிஸ். படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் என்டு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“இனி அந்தப் பிரச்சினை இல்லம்மா. இப்பிடியான பிள்ளைகளுக்குத்தான் இந்தத் திட்டமே. கூட்டி வந்தீங்களா?”

“ஓம். ஆட்டோக்குள்ள படுத்திருக்கான்.”

தக்ஷாயினி எழுந்து கூடவே போனாள். அன்னப்பூரணி ஆட்டோவின் திரையை விலக்கினாள்.

தலையணையில் சாய்ந்து கிடந்தவனின் தாடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது.

“அம்மா... இது சின்ன ஆக்களுக்கு...” என்று இழுத்தாள் தக்ஷாயினி.

அன்னப்பூரணி அவன் கடைவாயில் வடிந்த எச்சிலைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பிள்ளைகளுக்கு என்டுதானே மிஸ் மைக்கில சொன்னீங்க?”