வெறும் கிண்ணம்

மஸீனாவுக்கு ஒருநாளும் காய்ச்சல் வந்ததில்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்ட கணவனும் மகனும்தான் டைபாய்டு எனும் நெருப்புக்காய்ச்சலில் இறந்தார்கள்.

“கிருமி உங்கட உடம்பிலதான் இருக்கு. இனி ஆருக்கும் சமைச்சுக் குடுக்காதேங்கோ,” என்றார் சுகாதாரப் பரிசோதகர்.

அன்றே குசினியைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் எறிந்தாள். கணவனை இழந்தவள் வெளியில் போகாமல் இத்தா இருக்கிறாள் என்று நினைத்துப் பக்கத்துவீட்டு விமலேஸ்வரி வேலிக்கட்டையில் சோறு வைத்தாள். மஸீனா உண்மையைச் சொல்லவில்லை. கிண்ணத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெறுமையாகவே திருப்பி வைத்தாள். முள்ளியவளை ஊரில் யாரும் அப்படி வெறுங்கிண்ணம் திருப்புவதில்லை.

வெள்ளிக்கிழமை விமலேஸ்வரி வேலியோரம் வந்தாள். “நீங்கள் வைச்ச வட்டிலப்பம் நல்ல இனிப்பாயிருந்தது, மஸீனா. பிள்ளை வழிச்சுச் சாப்பிட்டிட்டாள்.”

“நான் வெறுங்கிண்ணமெல்லோ அக்கா வைச்சனான்!”

“சூடாயெல்லே இருந்தது.”

மஸீனா குசினிக்கு ஓடினாள். பூட்டு அப்படியே தொங்கியது. யன்னலால் பார்த்தாள். அடுப்பில் தணல் கிடந்தது. அவளுடைய கை ஏலக்காய் மணத்தது.

மறுநாள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணெடுக்காமல் நின்றாள். அந்தப் பக்கமிருந்து சிறிய கையொன்று நீண்டு அதை நிமிர்த்தியது. ஆவி பறந்தது.

“சாப்பிடாதேங்கோ பிள்ளை! எனக்குக் கிருமி வருத்தம்! அது விஷம்!”

“நாளைக்கும் வையுங்கோ, மாமி,” என்றது வாய் நிறைந்த குரல்.