கசோண்டேவுக்குக் கல்தா

"இன்னையோட கசோண்டே கதைய முடிச்சிடறேன்" என்றான் லுபிண்டா, வாய் நிறைய ன்ஷிமாக் களியோடு.

அவன் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா பனா பூப்பே பதறவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்துவிட்டு, வேறு யாருக்காவது விஷயம் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

லுபிண்டாவின் குழுவில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். கதையை முடிப்பது என்றால் வேறொன்றுமில்லை, குழுவிலிருந்து பெயரை எடுப்பதுதான். மற்றபடி, கோழி அறுக்கச் சொன்னாலே கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிற பிள்ளை அவன்.

லுசாகாவில் பி.காம். படிக்கிறான். 'கம்ப்யூட்டரும் மேலாண்மையும்' என்ற தாளில் போன வருஷம் கோட்டை விட்டு, இப்போது மறுபடியும் எழுதுகிறான். இந்த முறையும் போனால் அரசு உதவித்தொகை நின்றுவிடும், சொந்த ஊரான மோங்குவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பாதி மதிப்பெண் இன்று மதியம் குழுவாகச் செய்து காட்டப்போகும் கோழிப்பண்ணைத் திட்டத்துக்கு.

பகல் வகுப்புக் குழு ஒவ்வொன்றிலும் மாலை வகுப்பிலிருந்து ஒருவரைக் கோத்துவிடுவது பேராசிரியர் முவீங்காவின் வழக்கம். முகம் தெரியாத ஆளோடு வேலை செய்யப் பழகுவதும் மேலாண்மைதான் என்பது அவர் கட்சி. அப்படி லுபிண்டாவின் தலையில் வந்து விழுந்த பெயர்தான் எம். கசோண்டே.

கசோண்டே ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் லுபிண்டா எதை எழுதி அனுப்பினாலும் சிவப்பாகத் திரும்பி வரும். 'கோழி ஞாயிற்றுக்கிழமையும் தின்னும். அன்றைக்குத் தீனி போடும் ஆள் எங்கே?' என்று ஒரு நாள். 'திட்டத்தில் தலைவர் இருக்கிறார், வேலை செய்ய ஆள் இல்லை' என்று இன்னொரு நாள். அதைப் படித்துவிட்டு லுபிண்டா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"பெரிய பேங்க் மேனேஜரா இருப்பான்மா. தொப்பையும் தங்க வாச்சுமா, ஏசி ரூம்ல உக்காந்துட்டு நம்மள நொட்டை சொல்றான்."

"வெக்கப்படற ஆளாவும் இருக்கலாம் இல்ல, தலைவரே?" என்றார் பனா பூப்பே. குழுவுக்குத் தான்தான் தலைவன் என்று லுபிண்டா பீற்றிக்கொண்ட நாளிலிருந்து அவர் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வெட்கமாவது ஒன்றாவது என்று லுபிண்டா பொரிந்தான். அவனுக்கு இன்னொரு எரிச்சலும் இருந்தது. இந்தப் பேட்டையில் மின்சாரம் போனால்தான் கசோண்டேயின் வாய் மூடும், வந்த கையோடு சிவப்பு மையும் வந்துவிடும். ஆள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும், ஒரு நாள் கையில் சிக்காமலா போவான் என்றான்.

"சிக்குவாங்க, சிக்குவாங்க" என்று பனா பூப்பே கரி அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டார்.

இந்த அம்மாவிடம் லுபிண்டாவுக்குப் பிடித்ததே இதுதான். எவ்வளவு புலம்பினாலும் கேட்பார், நடுவில் தன் கதையை அவிழ்த்துவிட மாட்டார். மூத்தவள் பூப்பே பிறந்த நாளிலிருந்து தெருவுக்கே அவர் பூப்பேயின் அம்மா, அதாவது பனா பூப்பே. பிள்ளை பெற்றவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே மரியாதை இல்லை, அதனால் அந்தப் பெயர் என்னவென்று கேட்கவும் யாருக்கும் தோன்றியதில்லை. பகலெல்லாம் சந்தையில் துணிக்கடை, மாலையில் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

லுபிண்டா கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தான். திட்டத்தின் முதல் பக்கத்திலிருந்து கசோண்டேயின் பெயரை அழித்தான்.

"பேரு மட்டுமா, செஞ்ச வேலையுமா?"

"அவன் செஞ்ச தீனிச் செலவுப் பக்கத்தையும்தான். வேரோட புடுங்கியாச்சும்மா."

பனா பூப்பே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் லுபிண்டா மடிக்கணினியை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடிவிட்டான். அவசரத்தில் டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டான்.

வகுப்பில் லுபிண்டா நன்றாகத்தான் ஆரம்பித்தான். பேச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை, பின்வரிசைகூடக் கைதட்டியது. பிறகு லாபக் கணக்கைத் திரையில் போட்டான்.

எண்கள் இருக்க வேண்டிய கட்டமெல்லாம் பிழை, பிழை, பிழை என்று நின்றது. மற்ற எல்லாப் பக்கங்களும் கசோண்டேயின் பக்கத்திலிருந்துதான் எண்களை எடுத்துக்கொண்டிருந்தன. அது லுபிண்டாவுக்கு இப்போதுதான் உறைத்தது. 

முவீங்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, குழுவில் நாலாவது ஆள் எங்கே என்று கேட்டார்.

"கசோண்டே ஒரு நாளும் வந்ததில்ல சார். அந்த ஆளாலதான் இவ்வளவும்" என்றான் லுபிண்டா. குரல் அவனுக்கே அழுகையாகக் கேட்டது.

அப்போது கதவு திறந்தது. பாட்டுப் பையும் மூச்சிரைப்புமாக பனா பூப்பே நின்றிருந்தார், கையில் அவனுடைய டை.

இருக்கிற அவமானம் போதாதா என்று லுபிண்டாவுக்கு இருந்தது. "அம்மா, டைய அங்கயே வெச்சிட்டுப் போங்க, ப்ளீஸ்" என்று கிசுகிசுத்தான்.

அவர் போகவில்லை. முவீங்காவும் தடுக்கவில்லை. நேராக மேசைக்கு வந்து, டையை லுபிண்டாவின் தோளில் போட்டார். பாட்டுப் பைக்குள் துழாவி ஒரு பென் டிரைவை எடுத்துக் கணினியில் செருகினார். அதிலிருந்த முழுத் திட்டத்தைத் திறந்ததும் திரையில் தீனிச் செலவுப் பக்கம் விரிந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் பிழை நின்ற கட்டங்களிலெல்லாம் எண்கள் உட்கார்ந்திருந்தன.

வாயைப் பிளந்து நின்ற லுபிண்டாவைப் பார்த்து பனா பூப்பே சிரித்தார்.

"என் கதைய முடிக்கப்போறேன்னு சொன்னீங்களே தலைவரே, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."