பின்பக்கம் மட்டும் தெரிந்தவர்

"அந்தக் கண்ணாடி மண்டபம் எங்கே இருக்குன்னு காட்டிட்டு அப்புறம் சோளத்தைக் கடிங்க" என்றாள் மனைவி.

கணவன் கடித்ததை மென்றபடியே எதிரே இருந்த மதிலைப் பார்த்தான். அரண்மனையின் பின்பக்க மதில். காரை பெயர்ந்த சுவரில் துருப்பிடித்த குழாய்கள் நீண்டிருந்தன. ஊர் பார்க்க வந்தவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் இல்லை.

"உள்ளேதான் இருக்கு."

"உள்ளேன்னா எப்படிப் போறது? சுவர் ஏறிக் குதிக்கணுமா?"

"முன்னாடி வாசல் இருக்கும்ல, அது வழியா."

"இருக்கும்ல?" அவள் இடுப்பில் கை வைத்தாள். "பதினெட்டு வருஷமா வந்து போற ஊருங்க இது. வாசல் 'இருக்கும்ல'ங்கிறீங்க."

அன்று காலைதான் இருவரும் ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். கல்யாணமான பிறகு அவர்கள் இருவர் மட்டும் கிளம்பி வந்த முதல் ஊர். வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னது அவள்தான். வீட்டிலேயே ஒருவர் இருக்கும்போது வெளியாள் எதற்கு? ஒரு விளக்கை ஏற்றினால் மண்டபம் முழுக்க ஆயிரமாகத் தெரியும், ராணியின் அறையில் கிசுகிசுத்தால் மறுகோடியில் கேட்கும் என்று அவன் சொன்னதையெல்லாம், தான் வேலை பார்க்கும் தையல் கடையில் எடுத்துவிட்டுப் பெருமையடித்தவள் அவள்.

காலையிலிருந்து எல்லாமே கோணல். மணிக்கூண்டுக்கு என்று கூட்டிப்போய், அதன் பின்னால் ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, "இங்கே சாயங்காலம் வரைக்கும் வெயிலே அடிக்காது" என்றான். அருங்காட்சியகத்தின் பக்கவாட்டுச் சந்தில் வறுகடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து, "இங்கே பாத்ரூம் சுத்தமா இருக்கும்" என்றான். உள்ளே போக எங்கே டிக்கெட் தருகிறார்கள் என்று கடலைக்காரரிடம் அவன் ரகசியமாக விசாரித்தது அவள் காதில் விழாமல் இல்லை.

"அக்கா அப்பவே சொன்னா" என்றாள் இப்போது. "உன் வீட்டுக்காரர் வேலை வேலைன்னு போறாரே, போன இடத்துல என்ன பண்றார்னு என்னிக்காவது கேட்டியாடின்னா. உங்களுக்காக அவகிட்ட பேச்சையே நிறுத்தினேன்."

"உங்க அக்காவுக்குப் பொழுது போகலை. வா, டீ குடிக்கலாம். இந்த முக்குல ஒரு கடை இருக்கு."

"சாப்பிடற இடமெல்லாம் மட்டும் தலைகீழ்ப் பாடமாத் தெரியுது."

டீக்கடையில் நின்றிருந்த பெண்மணி அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானாள். "வாங்கண்ணே. என்ன, ஆளையே காணோம்?" அவன் கேட்காமலேயே சர்க்கரை போடாமல் ஒரு டீ வந்தது.

"தலகாணி உறையைத் துவைச்சு வச்சிருக்கேன். இன்னிக்குப் படுக்கறீங்களா?"

மனைவி தனக்குத் தந்த டீயோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைக்குள்ளே, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். கட்டிலின்மேல் ஒரு தலையணை. நீலப்பூ போட்ட உறை. வெளியூரில் கழுத்து வலிக்காமல் இருக்கட்டும் என்று மிச்சத் துணியில் அவளே தைத்துக் கொடுத்தது.

டீயை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிடறா. உறையும் துவைச்சுப் போடறா. நல்ல தங்கச்சிங்க உங்களுக்கு."

"மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணசருவேன். அவ்வளவுதான். அங்கே எல்லாரும்தான் படுப்பாங்க."

"எல்லாருமா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் நின்றாள். குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க. அந்தக் கண்ணாடி மண்டபத்தை நீங்க பார்த்திருக்கீங்களா, இல்லையா?"

அவன் தரையைப் பார்த்தான். "இல்லை."

"ராணியோட அறை?"

"இல்லை. எல்லாம் கேள்விப்பட்டதுதான்."

"யார் சொல்லி? அவ சொல்லியா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "நீங்க சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே. என்னை எவ்வளவு பெரிய முட்டாளாக்கி வச்சிருக்கீங்க. அடுத்த ரயில்ல நான் கிளம்பறேன். வீட்டுக்கு இல்லை, அக்கா வீட்டுக்கு. நீங்க இங்கேயே சௌக்கியமா இருங்க."

மதிலை ஒட்டியே நடந்து திரும்பியபோது அரண்மனையின் முன்வாசல் வந்துவிட்டது. நிலையத்துக்கு வழி கேட்கலாம் என்று அங்கே நின்றிருந்த காவலாளியை நெருங்கினாள். அதற்குள் கணவன் எங்கோ ஓடி, வியர்த்து வழிய, இரண்டு டிக்கெட்டுகளோடு வந்து சேர்ந்தான்.

"போறதுன்னா போ. உள்ளே ஒரு தடவை பார்த்துட்டுப் போ."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறீங்க?"

அவள் முடிக்கவில்லை. காவலாளி கணவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன டிரைவரே, கூட்டத்தைத் தெருமுனையில இறக்கி விட்டுட்டு, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் பின்னாடி டீக்கடையில மத்த டிரைவருங்களோட பஸ்ஸைக் காத்துக்கிட்டுக் கிடக்கிற ஆளாச்சே நீங்க? வண்டியை விட்டு நகர்ந்தா கம்பெனியில சீட்டைக் கிழிச்சுடுவாங்கம்பீங்க. இன்னிக்கு என்ன அதிசயமா இந்த வாசலுக்கு?"

"இன்னிக்கு லீவுங்க" என்ற கணவன், மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே காவலாளியிடம் கேட்டான். "திரும்பிப் போகையில பஸ்ஸுல ஜனங்க இதைப் பத்திப் பேசிக்கிட்டு வர்றதைக் கேட்டதோட சரி. உள்ளே எந்தப் பக்கமா போகணும்?"

காவலாளி வாயைத் திறப்பதற்குள், "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் கையிலிருந்த டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டாள் மனைவி.